லெட் என்றால் விடு

கவரைப்பேட்டையில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவளுக்குப் பெயர் தமிழ்செல்வி. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த ஊரில் கிடையாது. நாமும் ஒரு தடவை சிரித்துவிட்டு மேலே போகலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சமயத்தில் கோபித்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருந்திருந்தால், இதையெல்லாம் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. ரயில் நிலையத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற வழியில் அவள் தம்பி மணிகண்டன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், தெருவைப் பார்த்த மாதிரி ஓர் அறை. கட்டில், கரும்பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் கேஸ் அடுப்பு. அதுதான் அவளுக்கு வீடு, அதுதான் பள்ளிக்கூடம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கலில் வந்து இறங்குகிறவர்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கே வந்து உட்காருவார்கள். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள், வடநாட்டு மேனேஜரிடம் லீவு கேட்க வாய் வராதவர்கள், எல்லாரும் உண்டு.

முன்பு ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சராக இருந்தாள். கொரோனாவில் மூடிய பள்ளிக்கூடம் அப்புறம் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு இந்த அறைதான் அவளுக்குச் சோறு போட்டது. அறை கையைவிட்டுப் போனால் தலைக்கு மேல் கூரையும் போகும், பிழைப்பும் போகும். இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லவேண்டிய நாள் வரும் என்று நினைத்ததும் இல்லை.

அவள் சொல்லித் தரும் விதம் கொஞ்சம் தனி. கிராமர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு டென்ஸ், டென்ஸ் என்று உயிரை வாங்க மாட்டாள். வாரத்துக்கு ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்வாள். அந்தச் சொல்லை வைத்து என்னவெல்லாம் பேசலாமோ அத்தனையும் பேசவைத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவாள். ஒரு வாரம் "லெட்" வந்தது.

லெட் என்றால் என்ன என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "டூலெட் மேடம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் தப்பில்லை. சிப்காட்டுக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வந்து இறங்க இறங்க, அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகையைக்கூட அறையாக்கி போர்டு மாட்டிவிட்டார்கள். இரண்டு சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து டூலெட் என்று எழுதியிருக்கும். அதிகம் படித்துவிட்ட சில வீட்டுக்காரர்கள் நடுவில் ஓர் 'ஐ' எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து, வழியில் போகிறவனை வேறு அவசரத்துக்கு உள்ளே வரவழைப்பதும் உண்டு.

"அதுவும் லெட்தான்" என்றாள் தமிழ்செல்வி. கரும்பலகையில் ஒரு பக்கம் லெட் என்றும், எதிரே விடு என்றும் எழுதினாள். என்னைப் போக விடு என்பதற்கும் லெட்தான், வீட்டை வாடகைக்கு விடு என்பதற்கும் லெட்தான். பிடித்ததை விட்டுவிடு என்றாலும் பக்கத்தில் ஒரு 'கோ' சேர்த்துக்கொண்டு, லெட் கோ என்று லெட்தான் வந்து நிற்கும். இங்கிலாந்துக்காரனும் நாமும் கலந்து பேசி வைத்துக்கொண்டதில்லை. இரண்டு பாஷைக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. இருந்தும் இரண்டு ஊரிலும் ஒரே சொல் இத்தனை வேலையையும் பார்க்கிறது. சொல்லப்போனால் நம்முடைய விடு அதைவிட உழைப்பாளி. மூச்சு விடுவோம், தண்ணீர் விடுவோம், ரீல் விடுவோம், பள்ளிக்கூடம் விட்டாச்சு என்போம், சண்டை போட்டால் காய் விடுவோம். விட்டுக்கொடுப்போம், கைவிடுவோம். இந்தக் கடைசி இரண்டையும் அவள் வரிசையோடு வரிசையாக, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். லெட் வரும் வாக்கியத்தைக் கேட்டால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. யாரை விடுகிறான், யாருக்கு விடுகிறான் என்று கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத வாக்கியம் அரைகுறை வாக்கியம் என்றாள். நல்ல எச்சரிக்கை. ஊருக்கெல்லாம் சொன்னாள்.

அந்த வகுப்பில் சிராஜ் என்று ஒரு இளைஞன் இருந்தான். பழவேற்காட்டுக்காரன், வீட்டில் துணி வியாபாரம். துபாயில் மாமா கடையில் வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட் புதிதாக வந்திருந்தது. அடுத்த வகுப்புக்கு அதைக் கையோடு எடுத்து வந்து, முதல் பக்கத்தில் விரலை வைத்து ஒரு சந்தேகம் கேட்டான். பாஸ்போர்ட் வைத்திருப்பவரை "வித்தவுட் லெட்" போக விடவேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

"லெட்டுன்னா பர்மிஷன்னு சொன்னீங்களே மேடம். பர்மிஷன் இல்லாமப் போவலாம்னு கவர்மென்டே எழுதிக் குடுத்துகீதா?" என்று கேட்டான் சிராஜ்.

தமிழ்செல்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அவள் கூச்சப்படுகிறவள் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அன்று உட்கார்ந்து அகராதியைப் புரட்டினாள், போனில் தேடினாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தச் சொல் மேலேயே ஒரு மயக்கம் வந்துவிட்டது. இங்கிலீஷில் ஒரு காலத்தில் இரண்டு லெட் இருந்ததாம். ஒன்று விடுவது. இன்னொன்று அதற்கு நேர்மாறு: தடுப்பது, மறிப்பது, தாமதப்படுத்துவது. ரயில் லேட் என்கிறோமே, அந்த லேட்டும் இந்த இரண்டாவது லெட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒரே ஓசையில் ஒருவன் விடு என்கிறான், இன்னொருவன் விடாதே என்கிறான் என்றால் குடும்பம் எப்படி நடக்கும்? தடுக்கிற லெட் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனது. பாஸ்போர்ட்டிலும் டென்னிஸ் ஆட்டத்திலும் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. வித்தவுட் லெட் என்றால் தடையில்லாமல் என்று அர்த்தம்.

இன்னும் அடியில் போனால், இரண்டுக்கும் ஒரே வேர் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். அந்த வேருக்கு அனுமதி என்றும் பொருள் இல்லை, தடை என்றும் பொருள் இல்லை. அசதி என்று பொருள். சோர்ந்து, தளர்ந்து, கை நழுவ விடுவதுதான் ஆதியில் லெட். மனிதன் பெருந்தன்மையால் எதையும் விடவில்லை, அலுத்துப்போய்த்தான் விட்டிருக்கிறான் என்று அவள் வகுப்பில் சொன்னபோது ஷிஃப்ட் முடித்து வந்திருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அசதியைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

சொல்லிவிட்டு, கரும்பலகையைத் துடைக்கும்போது தமிழ்செல்விக்கு மனசு ஒரு மாதிரி இருந்தது. எதனால் என்று அவள் நின்று யோசிக்கவில்லை. நாம் யோசிக்கலாம்.

அவள் அப்பா சடையப்பன், ஊருக்கு மேற்கே நெல் பயிரிட்டவர். அம்மா பூவம்மாள், மணிகண்டன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு தம்பிக்குச் சோறு போட்டதும், சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதும் அக்காதான். அவனுக்கு இங்கிலீஷ் மட்டும் ஏறவே இல்லை. அக்கா புத்தகத்தை எடுத்தாலே கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவான். பத்தாம் வகுப்பில் அந்த ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தான். கடைசியில் படிப்பை விட்டு, சிப்காட் கம்பெனிகளுக்குக் கூலி ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஆனான். டப்பும் வந்தது, கல்பனா என்று நல்ல மனைவியும் வந்தாள்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். தமிழ்செல்விக்கு வந்துகொண்டிருந்த வரன்கள், பெண்ணோடு படுத்த படுக்கையான மாமனாரும் சேர்ந்து வருவார் என்று தெரிந்ததும் வழியை மாற்றிக்கொண்டன. அவள் பள்ளிக்கூடத்துக்கும் நைனாவின் கட்டிலுக்கும் நடுவில் ஓடியே அந்த வருஷங்களைக் கழித்தாள். நைனா போனபோது நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே குடோனுக்கு விற்றாகியிருந்தது. மிஞ்சியது ரோட்டோரம் பழைய வீடு இருந்த மனை. அதில் அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி.

மணிகண்டன் கெட்டவன் என்று இப்போதே சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவன் அப்படி இல்லை. அவளுக்கு டெங்கு வந்து நினைவு தப்பியபோது, ஆட்டோவுக்குக் காத்திராமல் அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவன் அவன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கினால் முதல் பொட்டலம் அக்காவுக்குத்தான் போகும். அந்த அன்புதான் பின்னால் அவளைச் சாகடித்தது. அன்பில்லாதவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

மனையில் லைன் வீடு கட்ட வேண்டும், பேங்கில் லோன் வாங்க வேண்டும், பேங்க்காரன் பட்டா ஒருத்தர் பெயரில்தான் இருக்கவேண்டும் என்கிறான் என்று தம்பி வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் மூடுவிழா வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? தமிழ்செல்வி சரி என்றாள். நைனாவுக்கு மருந்து கொடுத்து, தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஓய்ந்துபோயிருந்தாள். பாகம், பேங்க், வில்லங்கம் என்று இனி ஒரு பேஜாரு வேண்டாம் என்று இருந்தது. பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய், தன் பாதியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். அந்தப் பத்திரத்துக்கு அப்படித்தான் பெயர். யாருக்கு விடுதலை என்று அதில் போடுவதில்லை.

வெளியே வந்து ஜூஸ் கடையில் நின்றார்கள். மணிகண்டனுக்குக் கண் கலங்கியிருந்தது. "தெருப்பக்க ரூமை உட்டுடறேன்கா. நீ கவலப்படாத" என்றான்.

கட்டப்போகும் வீட்டில் தெருப்பக்க அறையைத் தனக்கென்று விட்டுவிடுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அக்காவிடம் தம்பி, கண்ணீரோடு, பாகத்தை எழுதி வாங்கிய கையோடு சொல்கிற பேச்சு. அதைப் பிய்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? வீடு கட்டி முடிந்ததும் அவன் அதே அறைச் சாவியை அவள் கையில் கொடுத்தான். பின்னால் பள்ளிக்கூடம் மூடியபோது, சுவரில் கரும்பலகை மாட்ட அவனே டிரில் பிடித்து ஓட்டை போட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

லெட் வாரம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணிகண்டன் கதவைத் தட்டினான். ஒரு கம்பெனி அதிகாரி வருகிறார், பூனாக்காரர், தமிழ் தெரியாது, இன்ஜினியர்கள் இரண்டு பேர் தங்க இடம் கேட்கிறார், அக்கா கொஞ்சம் கூட நின்று பேசிக் கொடுக்க வேண்டும் என்றான். இதற்கென்ன, எத்தனையோ தடவை செய்ததுதான். பின்னால் ஏதாவது அறை காலியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கார் வந்து நின்றது. இறங்கியவர் பெரிய மனிதர் தோரணை இல்லாதவர். செருப்பை வெளியில் விட்டு, உள்ளே வரலாமா என்று அவளிடம்தான் கேட்டார். தம்பி அவரைப் பின்பக்கம் கூட்டிப் போகவில்லை. நேரே அவள் அறைக்குள் கூட்டி வந்தான். இங்கே உட்காரவைத்துப் பேசப்போகிறான் போல என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மோட்டார் எப்போது போடுவார்கள், குடிக்கத் தண்ணீர் எங்கே வரும், பைக்கை எங்கே நிறுத்தலாம் என்று தம்பி சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். வாய்தான் வேலை செய்தது. மனசு அடுப்பில் வைத்திருந்த குழம்பின் மேல் இருந்தது. அந்த மனிதர் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார். பாத்ரூம் விளக்கைப் போட்டுப் பார்த்தார். அட்டாச்சுடு பாத்ரூம் இருக்கும் அறை நல்லது என்றார். அதையும் அவள் தமிழில் தம்பிக்குச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

மணிகண்டன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒண்ணாந்தேதிலேர்ந்து உட்டுடறோம்னு சொல்லுக்கா" என்றான்.

"எந்த ரூமை?" என்று கேட்டாள்.

"இதத்தான்" என்றான். கடையில் ஒரு சாமானைக் காட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. யாரோ ஒருவர் முன்னால், தன் கட்டிலும் தலையணையும் கொடியில் காயும் துணியும் தெரிய, தன் அறையைத் தானே விளம்பரம் செய்துகொண்டு நின்றிருக்கிறோம் என்ற வெட்கம். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவின் வாயாலேயே அக்காவைக் காலி செய்யச் சொல்லும் இந்த யோசனை அவனுக்கு எந்த நேரத்தில் வந்ததோ. அல்லது யோசனையே இல்லாமல்தான் செய்தானோ. அதுதான் இன்னும் மோசம்.

பூனாக்காரர் கட்டிலைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். அதில் முந்தின நாள் வகுப்பு அப்படியே இருந்தது. தயங்கி, இந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

தம்பிக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை புரிந்தது. "யாரும் இல்லன்னு சொல்லுக்கா" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் துளி பயம் இல்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்று நிச்சயமாக இருந்தான். சின்ன வயதில் நைனா சைக்கிளில் முன்னால் உட்கார இடம் கேட்டபோதும், பெரிய மீன் துண்டைக் கேட்டபோதும், பாகத்தைக் கேட்டபோதும் விட்டுக்கொடுத்தவள் இதையும் விட்டுக்கொடுப்பாள் என்ற நிச்சயம் அது. செத்துப்போன அந்த இன்னொரு லெட் இருக்கிறதே, மறிக்கிற லெட், அது அவளுக்குள் எங்கேயோ சாகாமல் கிடந்திருக்கிறது.

"ஐ லிவ் ஹியர்" என்றாள். முதல் நாள் வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவாளே, அந்த வாக்கியம்தான். அதைவிடச் சின்ன வாக்கியம் அவளுக்கு அப்போது கிடைக்கவில்லை.

பூனாக்காரர் உடனே இரண்டு கையையும் குவித்தார். தனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும், நீங்கள் உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு சொல்லுங்கள் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். மணிகண்டனிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார். கார் திரும்பிப் பெரிய ரோட்டுக்குப் போகிற வரைக்கும் மணிகண்டன் அசையாமல் நின்றான்.

"இன்னாக்கா சொன்னே அவராண்ட?"

அவள் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

அவன் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தான். கம்பெனி பார்ட்டி என்றால் மாசம் தவறாமல் வாடகை வரும், பேங்க் தவணை கழுத்தை நெரிக்கிறது, பின்னால் மோட்டார் ரூம் பக்கத்தில் இடம் சும்மாத்தான் கிடக்கிறது, ஷீட் போட்டுத் தந்தால் ஒரு ஆளுக்கு அது போதும், வகுப்பை வேண்டுமானால் மாடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றான். மாடியில் அவனும் கல்பனாவும் குடியிருக்கிறார்கள். எந்த இடத்தில் வகுப்பு என்று அவன் சொல்லவில்லை.

"தெருப்பக்க ரூமை உட்டுடறேன்னு சொன்னியேடா, பொன்னேரியில" என்றாள் தமிழ்செல்வி.

"ஆமா, சொன்னேன்."

"அப்பறம்?"

"வாடகைக்கு உட்டுடறேன்னு சொன்னேங்கா. அந்த ஒரு ரூம் வாடகை வந்தாலே பாதித் தவணை கட்டிடலாம், நீ கவலப்படாதன்னு சொன்னேன். உனுக்கு உடறேன்னா சொன்னேன்? நீயா ஒண்ண நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது? இத்தினி வருஷம் நீ கீறியேன்னுதான் உடாம வெச்சிகினு இருந்தேன்."

அவள் அந்தப் பழைய வாக்கியத்தை மனசுக்குள் எடுத்துப் பார்த்தாள். தெருப்பக்க ரூமை உட்டுடறேன்கா. யாருக்கு? அந்தச் சொல் அதில் இல்லவே இல்லை. அவள்தான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்று முதல் நேற்று வரை, அவன் சொல்லாத ஒரு 'உனக்கு' மேலேதான் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறாள். ஊர் பிள்ளைகளுக்கெல்லாம் யாருக்கு என்று கேள், கேட்டு வாங்கு என்று சொல்லித் தந்தவள் தன் தம்பியிடம் அதைக் கேட்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் கேட்டால் அசிங்கம் என்று இருந்துவிட்டாள்.

அவன் அன்றைக்கே வாடகையைத்தான் நினைத்துச் சொன்னானா, அல்லது இன்றைக்கு வசதியாக அப்படி மாற்றிக்கொண்டானா? அவன் கண்ணைப் பார்த்தாள், தெரியவில்லை. வேளையும் தேவையும் மாற மாற அவனுக்கே அது மாறியிருக்கலாம். சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருந்தால் மனிதன் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வான். ஆனால் யாரும் இல்லை என்று சொல்லச் சொன்னானே, அதற்கு எந்த அகராதியிலும் இரண்டாவது அர்த்தம் கிடையாது.

"நான் யாரும் இல்லையா மணி?" என்று கேட்டாள்.

அவன் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினான். அவன் கண் சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு நம்பிக்கை வந்தது. வெட்கப்படுகிறான், இதோ அக்கா என்று வந்து கையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அது மட்டும் நடந்திருந்தால் போதும், மோட்டார் ரூமுக்குக்கூடச் சிரித்துக்கொண்டே போயிருப்பாள்.

"வெளியாள் எதுருல என்னை இப்படிக் கேவலப்படுத்திட்டியே. உன்னப் போய் நம்புனேனே" என்றான் மணிகண்டன்.

நடிக்கவில்லை. அதுதான் அவளை நிலைகுலைய வைத்தது. அவன் குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. அவனுக்குத் துரோகம் செய்யப்பட்டுவிட்டது, அக்கா செய்துவிட்டாள், அப்படித்தான் அவன் நம்பினான். திட்டம் போட்டு ஏமாற்றியிருந்தால் அவனுக்குள் ஒரு மூலையில் குற்ற உணர்ச்சியாவது இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு என்றைக்காவது திரும்பி வருவான் என்று காத்திருக்கலாம். அவனிடம் அது இல்லை. அவள் விட்டுக்கொடுத்ததெல்லாம் அவன் கணக்கில் கொடுத்ததாகவே ஏறவில்லை. விடுவது அவள் சுபாவம், வாங்கிக்கொள்வது தன் உரிமை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் வளர்த்த பாசத்தின் எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்து வாசனை வந்தது. அவள் போய் அணைக்கவில்லை.

ஊரில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். கேஸ் போடு, இருக்கிறவளை யாரும் கிளப்ப முடியாது என்று சொன்னவர்களும் உண்டு. சிராஜ் துபாய்க்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் வந்து, பழவேற்காட்டில் தன் பெரியம்மா மெஹர்னிசா வீட்டு மாடி சும்மா இருக்கிறது, அங்கே வந்து வகுப்பு எடுங்கள் மேடம் என்று மன்றாடினான். மணிகண்டனும் அதற்குப் பிறகு அறையைக் காலி செய் என்று வாய்திறந்து சொல்லவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பவில்லை, மாடியேறும்போது திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் அங்கேயே இருந்திருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அவளால் அந்தக் கட்டிலில் படுக்க முடியவில்லை. இருக்க விடுகிறான் என்பதற்கும் லெட்தான். மேலே ஒருவன் இருந்துகொண்டு, இன்றைக்கு இருக்க விடுவான், நாளைக்கு வாடகைக்கு விடுவான். அவள் தனது என்று நினைத்திருந்த அறை ஒரு நாளும் அவளுடையதாக இருந்ததில்லை.

பொன்னேரியில் பழைய பள்ளிக்கூடத்துத் தோழி அருணா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று பேசிவைத்தாள். வகுப்புப் பிள்ளைகளே வந்து கட்டிலையும் நாற்காலிகளையும் ஆட்டோவில் ஏற்றினார்கள். கரும்பலகையை மட்டும் அவள் கழற்ற விடவில்லை. டிரில் போட்டு மாட்டியது சுவரோடு இருக்கட்டும் என்றாள். காலி அறையைப் பெருக்கி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மணிகண்டன் வீட்டில் இல்லை. கல்பனாதான் வந்தாள். கல்பனா அழுதுகொண்டிருந்தாள், அந்த அழுகையில் பொய் இல்லை. சாவியை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கோவத்துல போவாதீங்க அண்ணி. அவரு உங்களை இருக்க உடமாட்டேன்னா சொன்னாரு?" என்றாள்.

"உடறதுக்கு அவன் யாரு கல்பனா?" என்று கேட்டாள் தமிழ்செல்வி.

கல்பனா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளை விழித்துப் பார்த்தாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை. புரிந்த வரைக்கும், தன் புருஷனைப் பற்றி யாராவது கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படியே, துளி வஞ்சம் இல்லாமல் சொன்னாள்.

"அவருதான அண்ணி ஊட்டுக்காரரு."

தமிழ்செல்வி அவள் கையைப் பிரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினாள்.